மேற்கு மயானத்தின் விமானிகள்: ஒஸ்லோத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய ஆசிரியர்களே,

வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, சனிக்கிழமையும் வீட்டில் இருக்காமல் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வருகிறீர்கள். உங்களிடம் இன்னொரு வேலையையும் கேட்பது சங்கடம்தான். ஆனாலும் கேட்கிறேன். வருகிற இலையுதிர்கால விடுமுறை முடிந்ததும், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை வெஸ்ட்ரே கிராவ்லுண்ட் என்ற மேற்கு மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த இளம் விமானப்படையினரின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றின் முன்னால் நின்று பெயர்களை வாசிக்கட்டும். இது நோர்வேஜியப் பள்ளிக்கூடம் செய்யவேண்டிய வேலையல்லவா, எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இடம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஊரிலிருந்தோ, இலண்டன், கனடாவிலிருந்தோ யார் வந்தாலும் நாங்கள் முதலில் கூட்டிப்போய்க் காட்டுவது விகேலான்டின் சிலைகள் நிற்கும் ஃப்ரொங்னர் பூங்காவைத்தான். காலை உதைத்துக் கோபித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சின்னப் பையனின் கையைப் பிடித்தபடி படம் எடுக்காத தமிழ்க் குடும்பம் ஒஸ்லோவில் இருக்காது. அந்தப் பூங்காவை ஒட்டியே மயானம் தொடங்குகிறது. டி-பானேயில் போர்கன் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. 1902இல் திறந்த இந்த மயானம் ஒஸ்லோவிலேயே பெரியது. பூங்காவுக்கு எத்தனையோ தடவை போன நாங்கள், அந்த வேலிக்கு அப்பால் யார் கிடக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்ததில்லை.

மற்றப் பகுதிகளில் விதவிதமான கற்கள். குடும்பத்தின் வசதிக்கும் விருப்பத்துக்கும் ஏற்றபடி சிறிதும் பெரிதுமாக நிற்கும். பொதுநலவாயப் போர்க் கல்லறைகளின் பகுதிக்கு வந்ததும் எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் உயரமுள்ள வெளிறிய கல், மேல்விளிம்பில் இலேசான வளைவு. குனிந்தால் முதலில் கண்ணில் படுவது விமானப்படைச் சின்னம்: கிரீடம், அதன் கீழே ஒரு வளையம், வளையத்தின் மேல் சிறகு விரித்த கழுகு. அதற்குக் கீழே படை எண், பதவி, பெயர், விமானத்தில் அவர் பார்த்த வேலை, இறந்த தேதி, வயது. விமானி, வழிகாட்டி, வானொலி இயக்குபவர், துப்பாக்கி இயக்குபவர். நடுவில் சிலுவை. கல்லின் அடியில், புல்லுக்குச் சற்று மேலே, சிலவற்றில் ஒரு சிறு வாசகம் இருக்கும். அது வீட்டிலிருந்து வந்தது. இத்தனை எழுத்துக்குள் எழுதவேண்டும் என்று குடும்பங்களுக்கு ஒரு கணக்குக் கொடுக்கப்பட்டது. பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்ல இருந்ததையெல்லாம் அந்தக் கணக்குக்குள் சுருக்கி எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

நூறளவில் கல்லறைகள். சிலவற்றில் பெயரே இல்லை. யாரென்று அடையாளம் காண முடியாமல் புதைக்கப்பட்டவர்கள். பலர் ஃபோர்னெபு விமானத் தளத்தைத் தாக்க வந்து சுட்டு வீழ்த்தப்பட்டவர்கள். இன்று அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கிற, எங்கள் பிள்ளைகள் சிலர் வேலைக்குப் போய்வருகிற அதே ஃபோர்னெபுதான். 1940 ஏப்ரல் 9 காலையில் ஜேர்மன் விமானங்கள் அங்கே இறங்க வந்தபோது, அவற்றை மறிக்க எழுந்தது நோர்வேயின் ஏழே ஏழு கிளாடியேட்டர் போர் விமானங்கள்.

வரிசையில் நடந்துகொண்டே தேதிகளை வாசித்தால் ஓரிடத்தில் கால் நின்றுவிடும். 1945 மே 10. பக்கத்துக் கல்லிலும் அதே தேதி. அதற்கடுத்த கல்லிலும் அதுதான்.

மே 8 நோர்வேயின் விடுதலை நாள் என்பதை எங்கள் பிள்ளைகள் இங்கே முதலாம் வகுப்பிலிருந்தே அறிவார்கள். ஐரோப்பாவில் போர் முடிந்துவிட்டது. கார்ல் யூஹான் தெருவில் சனம் கொடியோடு ஆடிப்பாடிக்கொண்டிருந்தது. ஆனால் நாட்டுக்குள் இன்னும் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் ஜேர்மன் படையினர் ஆயுதத்தோடு இருந்தார்கள். அவர்களிடமிருந்து பொறுப்பை ஏற்பதற்குப் பிரித்தானியாவின் முதலாவது வான்வழிப் படைப்பிரிவை உடனடியாகக் கொண்டுவந்து இறக்கவேண்டியிருந்தது. அவர்களை ஏற்றிக்கொண்டு ஸ்டேர்லிங் விமானங்கள் கார்டெமோவனை நோக்கி வந்தன. குண்டு போடுவதற்கென்று செய்யப்பட்ட நான்கு இயந்திர விமானங்கள் அவை. கடைசிக் காலத்தில் ஆள் ஏற்றவும் பொருள் ஏற்றவும் மாற்றியிருந்தார்கள். மே 10 அன்று காலநிலை மிக மோசம். மேகம் தாழ்ந்து மலையை மூடியிருந்தது. பல விமானங்கள் திரும்பிப் போயின. சில திரும்பவேயில்லை.

அப்படி மோதி நொறுங்கிய ஒரு ஸ்டேர்லிங்கில், அந்த விமானப் பிரிவு முழுவதுக்கும் தலைவராக இருந்த ஏர் வைஸ் மார்ஷல் ஜேம்ஸ் ஸ்கார்லெட்-ஸ்ட்ரீட்ஃபீல்டும் இருந்தார். விமானத்தில் இருந்த எல்லோரும் அவரோடு இறந்தார்கள். அவருடைய கல்லும் இந்த மயானத்தில்தான் நிற்கிறது. பக்கத்தில் கிடக்கும் சாதாரண சார்ஜன்டின் கல்லுக்கும் அவருடையதற்கும் உயரத்தில் ஒரு விரலளவு வித்தியாசமும் இல்லை. முதலாம் உலகப் போரின்போதே ஃபேபியன் வேர் என்பவர் போராடி நிலைநாட்டிய விதி அது. பதவி பார்க்கக் கூடாது, சாதி சமயம் பார்க்கக் கூடாது, எல்லோருக்கும் ஒரே கல். பணமுள்ள குடும்பம் உடலை ஊருக்கு எடுத்துப்போகவும் முடியாது. விழுந்த நாட்டிலேயே, கூடப் போனவர்களோடு கிடக்கவேண்டும். அன்றைய பிரித்தானியப் பிரபுக் குடும்பங்கள் சில இதைக் கடுமையாக எதிர்த்தன. சுடலையில்கூட ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிப் பழகிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். எங்கள் பிள்ளைகள் அந்த இரண்டு கற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

போர் முடிந்து இரண்டு நாள். அந்த இரண்டு நாளை நினைக்கும்போது எனக்கு வயிறு கலங்கும். வீட்டில் என்ன நினைத்திருப்பார்கள்? வானொலியில் செய்தி கேட்டு, பிள்ளை தப்பிவிட்டான் என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். பிறகுதான் தந்தி வந்திருக்கும். அந்த வீடுகளை எனக்குத் தெரியாது. ஆனால் அப்படிப்பட்ட வீடுகளை எங்களுக்குத் தெரியும். சமாதானம் வந்துவிட்டது என்று நம்பிய பிறகு பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் மண்டபத்தில் எங்களோடு இருந்து தேநீர் குடிக்கிறார்கள்.

இன்னொரு விமானத்தின் கதையும் சொல்லவேண்டும், அது இந்த நகரத்தின் நடுவிலேயே நடந்தது. 1942 செப்டெம்பர் 25. ஜேர்மனியரோடு ஒத்துழைத்த குவிஸ்லிங்கின் கட்சி ஒஸ்லோவில் மாநாடு கூட்டியிருந்தது. அன்று ஸ்கொட்லாந்தின் லூக்கர்ஸ் தளத்திலிருந்து நான்கு மொஸ்கிட்டோ விமானங்கள் வட கடலைத் தாண்டி வந்தன. இலக்கு, கெஸ்டாப்போவின் தலைமையகமாக இருந்த விக்டோரியா தெரஸ்ஸ கட்டடம். நோர்வேஜிய எதிர்ப்பாளர்களைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்த இடம் அது. வதை தாங்காமல் ஜன்னலால் குதித்துச் செத்தவர்கள் உண்டு. அந்தக் கட்டடத் தொகுதியின் பெயரை எங்களில் பலர் வேறு காரணத்துக்காக அறிவோம். பிற்காலத்தில் நோர்வேயின் வெளியுறவு அமைச்சு இயங்கியது அங்கேதான். 2002இல் நோர்வேயின் அனுசரணையோடு எங்கள் ஊரில் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது, நாங்கள் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்த அமைச்சு.

மொஸ்கிட்டோ மரத்தால் செய்த விமானம். ஒட்டுப்பலகையும் பால்சா மரமும். இரண்டு இயந்திரம், இரண்டே ஆட்கள். அதை அடுக்கி ஒட்டியவர்களில் தளபாடம் செய்யும் தச்சர்களும் இருந்தார்கள். ரேடார் கண்ணில் படாமலிருக்கக் கடல்மட்டத்திலிருந்து முப்பது மீற்றர் அளவு உயரத்தில் பறந்து வந்தார்கள். நடுவானில் ஜேர்மனியரின் ஃபொக்கெ-வுல்ஃப் விமானங்கள் அவர்களை மறித்தன. கார்ட்டர் என்ற விமானியும் யங் என்ற வழிகாட்டியும் வந்த மொஸ்கிட்டோ சூடு பட்டு சாண்ட்விக்காவில் எங்கர்வான்னெ ஏரியில் விழுந்தது. இருவரும் இறந்தார்கள். சாண்ட்விக்கா கடைத்தொகுதிக்குச் சாமான் வாங்கப் போகிறபோது பக்கத்தில் தெரிகிற தண்ணீர்தான் அது. மறுநாள் பிபிசி இந்தத் தாக்குதலை அறிவித்தது. மொஸ்கிட்டோ என்று ஒரு விமானம் இருப்பதையே உலகம் அன்றுதான் கேள்விப்பட்டது. கார்ட்டரையும் யங்கையும் உலகம் கேள்விப்படவில்லை.

குண்டுகள் என்ன ஆயின? சில கட்டடத்தின் ஒரு சுவரால் புகுந்து மறு சுவரால் வெளியே போய் வெடித்தன. கட்டடத்துக்குள் விழுந்த ஒன்று வெடிக்கவேயில்லை. பக்கத்து வீடுகளில் இருந்த சனம் செத்தது.

இரண்டு வருடம் கழித்து, 1944 டிசம்பர் 31 அன்று மறுபடியும் அதே கட்டடத்துக்குக் குறிவைத்து மொஸ்கிட்டோக்கள் வந்தன. குறி தவறியது. ட்ராமென்ஸ்வையன் வீதியில் போய்க்கொண்டிருந்த ஒரு டிராம் மேல் குண்டு விழுந்தது. புத்தாண்டுக்கு முதல்நாள், வீட்டுக்குப் போகிறவர்களும் உறவினரைப் பார்க்கப் போகிறவர்களும் நிறைந்த வண்டி. அந்த டிராமில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று மொத்தம் 78 நோர்வேஜியர் இறந்தார்கள். கெஸ்டாப்போவின் கட்டடம் பெரிய சேதமில்லாமல் நின்றது.

பெர்கனில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1944 அக்டோபர் 4 காலை, லக்சேவோக்கில் இருந்த ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கொட்டகையைத் தாக்க நேச நாட்டு விமானங்கள் வந்தன. அந்த விமானங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கனடாக்காரப் பையன்கள். குண்டுகள் குடிமனைகளில் விழுந்தன. ஹோலன் பள்ளிக்கூடத்தில் 61 பிள்ளைகள் இறந்தார்கள். பிள்ளைகளோடு நின்ற ஆசிரியர்களும் இறந்தார்கள்.

இந்த இடத்துக்கு வரத்தான் நான் இவ்வளவு நேரமும் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆசிரியர்களே, உங்களில் பலர் என் வயதுக்காரர். விமானம் என்றால் எங்களுக்கு அது மேலே இருக்கிற ஒன்று, நாங்கள் கீழே. பொம்மர், சகடை, ஹெலி, கிபிர். சத்தத்தைக் கேட்டே எது வருகிறது என்று சொல்லக்கூடிய பிள்ளைகளாக வளர்ந்தோம். சகடை மெல்ல முனகிக்கொண்டு வரும். பங்கருக்குள் ஓட நேரம் இருக்கும். கிபிர் அப்படியில்லை, சத்தம் காதுக்கு வரும்போது அது போயிருக்கும், குண்டு விழுந்திருக்கும். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கருக்குள் அம்மாவின் மடியில் முகம் புதைத்துக்கொண்டு, ஈர மண்ணின் மணத்தில் மூச்சுமுட்ட இருந்திருக்கிறேன். 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் அடைக்கலம் தேடியிருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 22 அன்று நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு பிள்ளைகள் செத்தார்கள். ஹோலன் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு நோர்வேஜியர் சொல்லும்போது எங்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அப்படிப்பட்ட நாங்கள் ஒரு விமானப்படையாளின் கல்லறையில் போய் எப்படி நிற்பது? நான் முதன்முதல் அங்கே நின்றபோது இந்தக் கேள்விதான் என்னைப் போட்டு உலுக்கியது. அந்தக் கழுகுச் சின்னத்தைப் பார்த்ததும் உடம்பு ஒருமுறை பின்வாங்கியது, உண்மை. பிறகு வயதுகளை வாசித்தேன். பெரும்பாலும் இருபதுகள். ஊரில் என்றால் உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகத்துக்கு எடுபடுமா என்று காத்திருக்கிற வயது. மீசை ஒழுங்காக முளைக்காதவர்களின் கையில் நான்கு இயந்திர விமானத்தைக் கொடுத்து இரவில் கடலைத் தாண்டச் சொல்லியிருக்கிறார்கள். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்த 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். பாதிக்குச் சற்றுத்தான் குறைவு. உடலே கிடைக்காத விமானப்படையினர் 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை இலண்டனுக்கு அருகில் ரன்னிமீட் நினைவிடத்தில் சுவர் சுவராக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கல்லின் கீழே கிடப்பவன் குண்டு போட்டவனாக இருக்கலாம். உயிரைக் கொடுத்து இந்த நாட்டை மீட்க வந்தவனாகவும் இருக்கலாம். பலர் இரண்டுமாகவே இருந்தார்கள். அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துக்கொள்ள எங்கள் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. அதற்கு எங்களைவிடத் தகுதியான ஆட்கள் இல்லை. கீழே இருந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். மேலே இருந்தவனின் கல்லின் முன்னால் நின்று அவனுக்காகத் துக்கப்பட அவர்களால் முடியும். அதே மூச்சில் அந்த டிராமில் போனவர்களைப் பற்றியும் கேட்க முடியும். நோர்வேஜியர் அதைச் செய்கிறார்கள். 61 பள்ளிப் பிள்ளைகளை இழந்த அதே பெர்கனில், மொல்லெண்டால் மயானத்தில், நேச நாட்டு விமானப்படையினரின் கல்லறைகள் இன்றும் பேணப்படுகின்றன. அவர்கள் கோபத்தை மறந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. கோபத்தைக் கல்லறையில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

உங்களில் சிலர் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அவர்கள் வெள்ளைக்காரர், எங்களை ஆண்ட பேரரசின் படை, அவர்களுக்கு நாங்கள் ஏன் விளக்குக் கொளுத்த வேண்டும்? நியாயமான கேள்வி. அதே போர்க்காலத்தில், 1943இல், அந்த ஆட்சியின் கீழ் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். அதைப் பிள்ளைகளுக்கு மறைக்கத் தேவையில்லை. வங்காளப் பஞ்சத்துக்கான கணக்கை இலண்டனில் அதிகாரத்தில் இருந்தவர்களிடம் கேட்போம். பின்பக்கத் துப்பாக்கிக் கூண்டில் குளிரில் விறைத்துக்கொண்டிருந்த பையனிடம் கேட்க முடியாது.

இரண்டாவது கேள்வி இதைவிட வலிக்கும். எங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கே கல்லறை இல்லை, மற்றவர்களின் கல்லறைக்கு ஏன் போகவேண்டும்? ஊரில் போராளிகளின் துயிலும் இல்லங்களை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கோப்பாயில் அந்த நிலத்திலேயே இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைக் கட்டினார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்கள் எந்த அரசியலுக்காகப் போனார்கள், அது சரியா பிழையா என்பதில் எங்களுக்குள்ளேயே ஆயிரம் கருத்து உண்டு. ஆனால் ஒரு தாய்க்குத் தன் பிள்ளை கிடக்கும் இடத்தில் இருந்து அழ உரிமை உண்டு என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அந்த உரிமை பறிபோனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள், அது காப்பாற்றப்பட்ட இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். இப்படியும் செய்யலாம், எதிர்த்து நின்றவர்களின் கல்லைக்கூட விட்டுவைக்கலாம் என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். ஒஸ்லோவிலேயே அல்ஃபசெட் மயானத்தில் ஆயிரக்கணக்கான ஜேர்மன் படையினர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஐந்து வருடம் இந்த நாட்டை அடக்கி வைத்திருந்தவர்கள். அவர்களுடைய கல்லறைகளும் இன்று பேணப்படுகின்றன.

நோர்வேயைப் புகழ்ந்துமட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். 1951இல் இந்த அரசே வடக்கில் பல இடங்களில் இருந்த சோவியத் போர்க்கைதிகளின் கல்லறைகளைத் தோண்டியது. கல்லறை பார்க்க வருகிறோம் என்ற சாட்டில் சோவியத் உளவாளிகள் வருவார்கள் என்ற பனிப்போர்க் காலப் பயம். தார் பூசிய காகிதச் சாக்குகளில் எலும்புகளைக் கட்டி ட்யொத்தா தீவுக்கு அனுப்பினார்கள். அதனாலேயே அதற்கு அஸ்ஃபால்ட் நடவடிக்கை என்று பெயர். கைதிகளின் தோழர்கள் எழுப்பிய நினைவுத் தூண்களையும் உடைத்தார்கள். மோ-இ-ரானாவில் ஊர்ச்சனம் வீதிக்கு வந்து எதிர்த்தது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். கல்லறையை இடிக்கிற அரசு எங்கும் உண்டு, அதை மறித்து நிற்கிற ஊரும் உண்டு என்று அவர்கள் அறியவேண்டும்.

எங்கள் மண்ணிலும் இப்படி ஒரு சவக்காலை இருக்கிறது. திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில், உப்புவெளியில். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. நோர்வே தாக்கப்பட்டு அன்றோடு சரியாக இரண்டு வருடம். சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்களில் எழுந்து மறித்த பையன்களில் சிலர் திரும்பவில்லை. உப்புவெளியில் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள். இருபத்தாறு வருடப் போர் அந்த வீதியால் போய் வந்தது. அந்தச் சவக்காலையின் புல்லை வெட்டித் தண்ணீர் விட்டது உள்ளூர்க் கைகள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் பிள்ளைகள் நிலாவெளிக் கடற்கரைக்குப் போகாமல் வருவதில்லை. வழியில் ஒரு தரம் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒஸ்லோவில் பார்த்ததைப் போன்ற கல்லறைகளை அங்கே பார்க்கும்போது, யாருக்கோ தூரத்து ஊரில் கிடக்கிற பிள்ளையை நாங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியவரும்.

இனி, போகிற நாளில் என்ன செய்வது என்று நான் நினைத்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். பேச்சு வேண்டாம், கவிதை ஒப்புவிக்க வேண்டாம். எங்கள் நிகழ்வுகளில் பிள்ளைகளை மேடையேற்றி, அவர்களுக்கு விளங்காத பெரிய பெரிய வார்த்தைகளைப் பாடமாக்கிச் சொல்லவைத்துப் பழகிவிட்டோம். அந்த மயானத்தில் அது வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தானாக ஒரு கல்லைத் தேர்ந்தெடுக்கட்டும். பெயரையும் வயதையும் கொப்பியில் தமிழில் எழுதட்டும். ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் கொண்டுவரும் பயிற்சியும் உங்களுக்குக் கிடைக்கும். முதலாம் உலகப் போரில் பத்தொன்பது வயதில் பிரான்சில் சுட்டு வீழ்த்தப்பட்ட கல்கத்தா விமானி இந்திரலால் ராயின் கல்லறையில் வங்காள எழுத்து இருக்கிறது என்று சொன்னால், தமிழில் எழுதுவது ஏன் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடலாம். அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எந்தப் படையணி, பல இடங்களில் பெற்றோரின் பெயர், அவர்கள் எந்த ஊர் என்பதுவரை இருக்கும். அடுத்த கிழமை வகுப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: இவர் யார், என்ன வேலை பார்த்தார், எந்த நாளில் இறந்தார், அன்று கீழே யார் இருந்தார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காத பிள்ளைகளும் இருப்பார்கள். கேள்வியை மட்டுமாவது எழுதட்டும். கேட்டுப் பார்க்கும்படி வீட்டுக்கும் அனுப்புங்கள். அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் ஒரு பிள்ளை பங்கரைப் பற்றிக் கேட்டால், இதுவரை வாய் திறக்காத சிலர் அன்று திறப்பார்கள் என்று நம்புகிறேன்.

பூ கொண்டுபோக விரும்பினால் கொண்டுபோங்கள். கிவி, ரேமா கடைகளில் அக்டோபர் பிறந்ததும் கல்லறை மெழுகுதிரி அடுக்கிவிடுவார்கள், நாலைந்து போதும். நவம்பர் முதல் ஞாயிறன்று நோர்வேஜியக் குடும்பங்கள் மயானம் முழுக்க விளக்கேற்றுவார்கள்; அதற்கு முன்னரே போய் வந்துவிட்டால் நெரிசல் இருக்காது. வகுப்புக்கு இரண்டு பெற்றோர் துணைக்கு வேண்டும் என்றால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கு மையூர்ஸ்தூவனில் சந்தித்தால் அங்கிருந்து நடந்தே போகலாம். மழைக்கோட்டும் சப்பாத்தும் போட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துப் புல் அக்டோபரில் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.


உங்கள் பள்ளியின் பழைய பெற்றோரில் ஒருவர்,
ஒஸ்லோ